கணக்கிலும் மேல், கீழா?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளிவந்துவிட்டால் நமது நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடுகின்றது. பையனையோ பெண்ணையோ எந்தக் "குரூப்"பில் சேர்ப்பது, கணிதம் என்கின்ற பாடத்தை எடுப்பதா அல்லது வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்கின்ற பாடத்தை எடுப்பதா என்பதுதான் அப்பஞ்சாயத்தின் விஷயம். இதற்கு அபிப்பிராயம் சொல்ல அண்டை வீட்டார் வருகின்றார்கள், மாமன் மச்சான் வருகின்றார்கள், சில வீடுகளில் ஜோசியனுங்கூட வருகின்றான். படிக்கப்போகும் பிள்ளையை மாத்திரம் யாரும் கேட்பதில்லை.

இரண்டும் என்னவென்பதை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம் என்னும் பாடத்தில் கலப்பெண்கள், வெக்டர், சமன்பாட்டியல், நுண்கணிதம் முதலியவை வருகின்றன. ஒரு சங்கதி ஏன் மெய்யென்று நிரூபித்துக் காட்டுவதற்கு அதில் பெரிய இடம் உண்டு. வணிகக் கணிதத்திலும் அணிகளும் நுண்கணிதமும் இல்லாமலில்லை. ஆனால் அவற்றோடு தவணைக் கணக்கு, பங்குக் கணக்கு, விலைவாசிக் குறியீட்டெண், எந்தக் கிடங்கிலிருந்து எந்த ஊருக்குச் சரக்கு அனுப்பினால் வண்டிக் கூலி குறையும் என்கின்ற கணக்கு முதலியவை சேர்கின்றன. மத்திய செகண்டரி போர்டாரும் 2020-21ஆம் கல்வி ஆண்டு முதல் பதினோராம் வகுப்பில் பழைய கணிதத்துக்குப் பக்கத்தில் பயன்பாட்டுக் கணிதம் என்பதாக ஒன்றை வைத்திருக்கின்றார்கள்.

இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஜனங்கள் வாயில் இது என்னவாக ஆகிவிட்டது? முன்னது மூளையுள்ளவன் படிப்பு, பின்னது மூளையில்லாதவன் படிப்பு என்று ஆகிவிட்டது! நான்கு வருணத்தை ஒழிக்க வேண்டும் என்று கூட்டத்தில் கைதட்டிய தோழர்களே வீட்டுக்கு வந்ததும் பாடப்புத்தகத்தில் இரண்டு வருணம் கற்பிக்கின்றார்கள். சிந்திக்கிறவனுக்கு நிரூபணமாம், உழைக்கிறவனுக்கு வெறும் சூத்திரமாம். சூத்திரனுக்குச் சூத்திரம் போதும் என்பதுதானே இதன் பொருள்?

பயன்பாட்டுக் கணக்கு தாழ்ந்ததென்று சொல்லுகின்றவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகின்றோம். ஒருவன் 10,000 ரூபாய் கடன் வாங்குகின்றான். வட்டி வருஷத்துக்கு நூற்றுக்குப் 12 என்கின்றார்கள். அசலும் வட்டியும் சேர்த்து 11,200 ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தவணையில், மாதம் சுமார் 933 ரூபாய் வீதம் கட்டவேண்டும். வாங்கியவன் 12 சதவீத வட்டி என்றே நம்பிக்கொண்டு போகின்றான். உண்மை என்ன? அவன் கையில் வருஷம் முழுவதும் பத்தாயிரம் இருக்கவில்லை. மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வந்து கடைசி மாதத்தில் ஆயிரத்துக்கும் கீழே போய்விடுகின்றது. ஆனால் வட்டி மாத்திரம் முழுப் பத்தாயிரத்துக்கும் முழு வருஷத்துக்கும் வாங்கப்படுகின்றது. சரியாகக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கும் மேல். இந்தக் கணக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை தெருவில் இருந்தால் அந்தத் தெருவே பிழைக்கும். இதையா தாழ்ந்த படிப்பு என்கின்றீர்கள்?

ஆனால் இதோடு நின்றுவிடவும் கூடாது. கடன் கொடுப்பவன் அடுத்த தடவை தந்திரத்தை மாற்றுகின்றான். 1,200 ரூபாயை முன்வட்டியாகப் பிடித்துக்கொண்டு 8,800 ரூபாயைக் கையில் கொடுத்து, 10,000 ரூபாயைப் பன்னிரண்டு தவணையில் வசூலிக்கின்றான். கேட்பவனுக்கு அதே 12 சதவீதமாகவே தோன்றும். உண்மையில் 24 சதவீதத்தைத் தாண்டிவிடுகின்றது. புத்தகத்தில் அச்சிட்ட வாய்பாட்டை மாத்திரம் உருப்போட்டவன் இங்கே திகைத்து நின்றுவிடுவான். அந்த வாய்பாடு எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று தெரிந்தவன் புதிதாக ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளுவான். ஆகவே "ஏன்" என்கின்ற கேள்வி பெரிய படிப்புக்காரனின் சொத்தல்ல. எந்த வகுப்பில் அது மறுக்கப்படுகின்றதோ அந்த வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை, மந்திரம் சொல்லிக் கொடுக்கப்படுகின்றது.

உயர்ந்ததென்று சொல்லப்படும் வகுப்பின் யோக்கியதையும் நமக்குத் தெரியாததல்ல. நிரூபணத்தைக் "கைடு" பார்த்து நெட்டுருப் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையிடம் இந்த வரி ஏன் இப்படி வந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கின்றது. அர்த்தம் தெரியாமல் சமஸ்கிருதம் சொல்லும் புரோகிதனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கௌரவத்துக்காகப் பிள்ளையை அந்த வகுப்பில் தள்ளுவதும், "உனக்குக் கணக்கு வராது" என்று இந்த வகுப்பில் தள்ளுவதும் ஒரே மௌடிகத்தின் இரண்டு முகமேயாகும்.

நிற்க, உண்மையான தகராறு எந்தப் பாடம் என்பதில்லை. பொறுக்குகின்றவன் யார், பொறுக்கிய பிறகு கதவு திறந்திருக்கின்றதா, சாத்தப்படுகின்றதா என்பதுதான் தகராறு. ஒரு பரீட்சை மார்க்கைப் பார்த்துப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஜாதகம் கணிப்பதை நாம் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? அந்த மார்க்குக்குள் தகப்பன் படித்திருந்தானா, வீட்டில் விளக்கும் மேஜையும் இருந்தனவா, பள்ளியில் கணக்கு உபாத்தியாயர் இருந்தாரா என்பதெல்லாம் கலந்திருக்கின்றனவே! பெண் பிள்ளையானால் கேட்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு எது போதுமோ அதுதான் அவளுக்குப் பாடம்.

இது வெறும் சந்தேகமென்று நினைக்கின்றவர்கள் கானடா தேசத்தைப் பார்க்கட்டும். நம்மவர்களும் ஈழத் தமிழர்களும் ஏராளமாய்க் குடியேறியிருக்கும் டொரோண்டோ நகரம் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கின்றது. அம்மாகாணத்தில் 1999 முதல் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை இரண்டாக்கி, தத்துவ வழிக்கு "அக்கடமிக்" என்றும், செய்முறை வழிக்கு "அப்ளைட்" என்றும் பெயர் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் விதி. ஆனால் நடந்தது என்ன? டொரோண்டோ பள்ளிகளில் 2006ல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த கணக்கை வைத்து யார்க் சர்வகலாசாலையார் 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளில் 100க்கு 81 பேர் அக்கடமிக் வழியில் இருந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் 53 பேர்தான். செய்முறை வழியிலோ வெள்ளையர் 16 பேர், கறுப்பர் 39 பேர். கறுப்பனாகப் பிறந்தவனுக்கு நிரூபணம் பிடிக்காதென்று பிரமன் எழுதி அனுப்பினானா? செய்முறை வழியிலிருந்து பத்தாம் வகுப்பில் மறு வழிக்குப் போக வேண்டுமானால் இடையில் தனியாக ஒரு பாடம் படித்துத் தேற வேண்டும். அதாவது ஏணி இருந்தது, ஆனால் அது வீட்டுக்கு வெளியே சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

அந்த மாகாண சர்க்காரே கடைசியில் இது பாரபட்சமானதென்று ஒப்புக்கொண்டு, 2021 செப்டம்பர் முதல் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை எல்லோருக்கும் ஒன்றாக்கிவிட்டது. மேல் வகுப்புகளில் பிரிவினை இன்னும் இருக்கின்றது. வகுப்பை ஒன்றாக்கியதுடன் எல்லாம் சரியாகிவிட்டதென்றும் நாம் சொல்ல வரவில்லை. உதவி போதாதென்று உபாத்தியாயர்கள் குறை கூறியது நியாயமே. என்றாலும் பதினான்கு வயதில் பிரிக்கத்தான் வேண்டும் என்று சொல்லி வந்தவர்கள் வாய் அடைபட்டதல்லவா?

நம் நாட்டிலும் ஒரு பாடம் கிடைத்திருக்கின்றது. மத்திய போர்டார் 2020ஆம் வருஷப் பரீட்சையிலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கை "ஸ்டாண்டர்டு" என்றும் "பேசிக்" என்றும் பிரித்தார்கள். இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றே. கேள்வித்தாளின் கடினத்தில்தான் பேதம். பேசிக் எழுதியவன் மேல் வகுப்பில் கணிதம் எடுக்க வேண்டுமானால் ஸ்டாண்டர்டும் எழுதித் தேற வேண்டுமென்பது ஆதி விதி. தொற்றுநோய் வந்தது, 2020ல் அவ்விதியைத் தளர்த்தினார்கள். வானம் இடிந்து விழவில்லை. தளர்த்தக்கூடிய விதியை முதலில் ஏன் போட்டார்கள் என்று நாம் கேட்கின்றோம்.

1953ல் ஆச்சாரியார் பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்து, அது மறு வருஷமே கைவிடப்பட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதைச் சர்க்கார் செய்தால் எதிர்க்கின்றோம். அதையே பள்ளிக்கூட மேஜையில் ஒரு கையெழுத்தால் நாமே செய்தால் எப்படி?

ஆகவே கையெழுத்துப் போடுமுன் பெற்றோர்கள் விசாரிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. என்ஜினியரிங் கல்லூரிக்கு நம் நாட்டில் கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகிய மூன்றின் மார்க்கைக் கொண்டுதான் பெரும்பாலும் வரிசை போடுகின்றார்கள். கணக்குத் தணிக்கை, வியாபாரம், பொருளாதாரம் என்று போகின்றவனுக்கு வணிகக் கணிதம் நல்ல ஆயுதம். மற்றப் படிப்புகளுக்குக் கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறுபடுவதால், இந்தப் பாடம் எடுத்தால் எந்தெந்தக் கதவு சாத்தப்படும் என்பதைத் தலைமை உபாத்தியாயரிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள். "உங்கள் பிள்ளைக்கு இதுதான் லாயக்கு" என்று சொன்னால், எதைக்கொண்டு சொல்லுகின்றீர் என்று மரியாதையாகவே கேளுங்கள்.

சர்க்காரையும் ஒன்று கேட்கின்றோம். வணிகக் கணிதம் படித்த பிள்ளை மனம் மாறிக் கணிதத்துக்கு வர ஆசைப்பட்டால், கோடை விடுமுறையில் அதற்கென ஒரு பாலப் படிப்பைச் சர்க்கார் பள்ளிகளில் நடத்தட்டும். பள்ளிதோறும் ஒரு கணக்கு உபாத்தியாயருக்கு இரண்டு மாதச் சம்பளம்தான் அதற்குப் பெரிய செலவு.