டிராக்டரில் மாற்று என்ஜின்: சட்டம் என்ன செய்ய வேண்டும்?

என்ஜின் தேய்ந்துபோன பிறகும் ஒரு டிராக்டரின் கியர்பெட்டியும் பின் அச்சும் மேலும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். உடைப்புக்குச் சென்ற வாகனத்தின் சிறிய டீசல் என்ஜினை வாங்கி அதில் பொருத்துவதற்குக் காரணம் இதுவே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நில உடைமைகளில் 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. அத்தகைய நிலத்தின் வருவாயில் புதிய டிராக்டருக்கான கடன் தவணையைக் கட்டுவது எளிதன்று. பொருளியல் பாடநூல் இதை மூலதனச் சிக்கனம் என்னும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவோ, பதிவுச் சான்றின் விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது.

தடைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனி அடிச்சட்டகம் கிடையாது, என்ஜினே முதுகெலும்பு. முன் அச்சு அதனோடுதான் பிணைக்கப்பட்டிருக்கும். கார் என்ஜின் அந்தச் சுமையைத் தாங்குவதற்காக வார்க்கப்பட்டதன்று. இருபுறமும் எஃகுச் சட்டம் கொடுக்காமல் பொருத்தினால், பாரம் இழுக்கும்போது வண்டி நடுவில் முறியலாம். அப்போது இருக்கையில் இருப்பவர் பல நேரங்களில் உரிமையாளரல்லர், கூலிக்கு ஓட்டுபவர்.

பட்டறையில் செய்த இணைப்பை ஆய்ந்து குறைந்த கட்டணத்தில் சான்றளிக்க, வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் வேளாண் பொறியியல் துறையும் இணைந்து ஓர் ஏற்பாடு செய்யலாம். புதிய டிராக்டருக்கு மானியம் தரும் அரசுக்கு இந்த ஆய்வுச் செலவு பெரிதன்று.