மஞ்சள் விளையுற வீட்டில் ஒரு ஹல்தி

ரெண்டு மாசமா எதுவும் எழுத முடியலை. மஞ்சள் வெட்டும் மகள் கல்யாணமும் ஒண்ணா வந்துருச்சு. மாசியில் கல்யாணம் வெச்சா இதுதான் சங்கடம். வேலைக்கு ஆள் கிடைக்காது, களமும் காலியா இருக்காது. எப்படியோ ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது.

கல்யாணத்தைப் பத்தி எழுதப் போறதில்லை. அதுக்கு முந்தின நாள் வீட்டில் நடந்த நலுங்கையும், அதைப் படம் பிடிச்ச கதையையும் சொல்லணும். மனசில் ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு.

நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. நலுங்கு என்பது பெரிய சடங்கு எதுவும் இல்லை. பெண்ணை மனையில் உட்கார வெச்சு, சுமங்கலிப் பெண்கள் அஞ்சு பேரோ ஏழு பேரோ ஒவ்வொருத்தரா வந்து, அருகம்புல்லை எண்ணெயில் தொட்டுத் தலையில் வைப்பாங்க. அப்புறம் கன்னத்திலும் கையிலும் காலிலும் மஞ்சள் பூசுவாங்க. ஆரத்தி சுத்துவாங்க. பாட்டுத் தெரிஞ்ச கிழவிகள் பாடுவாங்க. மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணுவாங்க, மாமியாரைக் கிண்டல் பண்ணுவாங்க. பொண்ணு வெக்கப்படும். பிறகு குளிக்க அனுப்பிடுவாங்க. மொத்தமே ஒரு மணி நேரம்.

இப்போ இதுக்கு ஹல்தின்னு பேர் வந்துருச்சு. ஹல்தி என்றால் இந்தியில் மஞ்சள், அவ்வளவுதான். மஞ்சள் துணி, செண்டுமல்லித் தோரணம், பாட்டுப் பெட்டி, ரெண்டு கேமரா. போட்டோக்காரர் கணக்கில் இது தனி நிகழ்ச்சி. கல்யாணத்துக்குப் பேசின காசு போக இதுக்கு மட்டும் 25,000 ரூபாய். அன்னைய விலைக்கு ரெண்டு குவிண்டால் மஞ்சளுக்குக் கொஞ்சம் குறைவு. அஞ்சு கிலோ பச்சை மஞ்சள் வெந்து காய்ஞ்சா ஒரு கிலோதான் தேறும். பத்து மாசப் பயிர். இதெல்லாம் மனசுக்குள்ளே ஓடுச்சு. ஆனா மக கேட்டப்போ சரின்னுட்டேன். அவ கூடப் படிச்ச பிள்ளைகள் எல்லாருக்கும் நடந்திருக்கு, நம்ம பொண்ணுக்கு மட்டும் ஏன் குறை வைக்கணும்?

படம் எடுக்கிறதை நான் குத்தம் சொல்லலைங்க. 1996ல் எனக்குக் கல்யாணம். ரெண்டு பிலிம் ரோல், ரோலுக்கு 36 படம். எல்லாமே மணவறையிலும் பந்தியிலும் எடுத்தது. எங்கம்மா எனக்கு நலுங்கு வெச்சதுக்கு ஒரு படம்கூட இல்லை. எங்கப்பா பக்கத்தில் நின்னுக்கிட்டு என்னமோ சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சார். என்ன சொன்னார்னு மறந்துபோச்சு, சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்பா போய்ப் பன்னெண்டு வருசம் ஆச்சு. அந்த ஒரு படம் இருந்திருந்தா இன்னைக்கு எவ்வளவு காசு கேட்டாலும் கொடுத்திருப்பேன். அதனால படம் வேணும்.

நலுங்கு அன்னைக்குக் காலையில் போட்டோக்காரத் தம்பிகள் ரெண்டு பேர் வந்தாங்க. நல்ல பிள்ளைகள். வந்ததும் களத்தைப் பார்த்தாங்க. வேக வெச்ச மஞ்சள் அப்பத்தான் பரப்பியிருந்தோம். அதில் ஒருத்தர், பொண்ணை அது மேல உட்கார வெச்சு எடுத்தா அருமையா இருக்கும்னார். ஏனுங்க தம்பி, நெல்லு மேல யாராச்சும் உட்காருவாங்களான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே விட்டுட்டார்.

அடுத்து அம்மா அரைச்சு வெச்ச மஞ்சளைப் பார்த்தாங்க. எங்கம்மாவுக்கு 79 வயசு. விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, வாய்க்கால் வரப்பில் அருகம்புல் பறிச்சு, அம்மியில் மஞ்சள் அரைச்சு, பித்தளைக் கிண்ணத்தில் எடுத்து வெச்சிருந்தாங்க. அது கேமராவில் கருப்பாத் தெரியுமாம், துணியில் பட்டாப் போகாதாம். அவங்களே நாலு பாக்கெட் பொடி கொண்டாந்திருந்தாங்க. தூக்கி வீசினா புகை மாதிரிப் பறக்கும், படத்தில் பளிச்சுன்னு இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். மாவும் சாயமும். மஞ்சள் வாசம் கொஞ்சம்கூட இல்லை.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைச்சப்போ நாங்க எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரிஞ்சோம். சாயம் கலந்த மஞ்சத்தூள் விக்கிறவனைத் திட்டாத நாள் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் வீட்டில், களம் நிறைய மஞ்சள் காயுது, என் பொண்ணு தலையில் சாயப்பொடி கொட்டுது. நான் ஆரத்தித் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். என்ன சொல்ல.

பொடி வீசுற படம் முடிஞ்சுதான் நிஜ நலுங்கு. முதல்ல எங்க பெரியத்தை. 76 வயசு, மூட்டு வலி. அவங்க குனிஞ்சு மஞ்சள் வெச்சாங்க. இந்தப் பக்கம் பார்த்து இன்னொரு தடவை வைங்கன்னாங்க. வெச்சாங்க. கையை அப்படியே வெச்சுக்கிட்டுச் சிரிங்கன்னாங்க. அத்தை இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க.

எங்க உறவில் நலுங்குப் பாட்டு முழுசாத் தெரிஞ்ச ஆள் இப்போ அத்தை ஒருத்தங்கதான். ரெண்டு அடி எடுத்துப் பாடினாங்க. பாட்டுப் பெட்டியில் சினிமாப் பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. அத்தை குரல் யாருக்கும் கேட்கலை, அவங்களும் நிறுத்திட்டாங்க. வீடியோ கையில் வந்ததும் முதல்ல அந்த இடத்தைத்தான் தேடினேன். அத்தை வாய் அசையுது, கேக்கிறது சினிமாப் பாட்டு. ரெண்டு கேமரா இருந்தும் அந்தப் பாட்டு பதிவாகலை. அந்தப் பெட்டியை அஞ்சு நிமிசம் நிறுத்துங்கன்னு சொல்ல எனக்குத் தோணலை. தம்பிகளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகுது?

மனசில் உறுத்துறது இதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

ஏழு பேரும் வெச்சு முடிஞ்சாச்சு. சின்னத் தம்பி கேமராவைத் திருப்பினார். தாழ்வாரத்துத் தூண் ஓரமா அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. “பாட்டி, நீங்க வைக்கலையே, வாங்க”ன்னு கூப்பிட்டார். ஊருக்குப் புதுசு, அவருக்குத் தெரியாது. சட்டுன்னு எல்லாரும் அமைதியாயிட்டாங்க. சொந்தத்தில் ஒரு அம்மா, “அவங்க வைக்க மாட்டாங்க தம்பி, நீங்க அடுத்ததை எடுங்க”ன்னாங்க. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மக, “அப்பத்தா, நீங்க வாங்க”ன்னா. “வேண்டாம் கண்ணு, நல்ல காரியம்”னு அம்மா ரெண்டு அடி பின்னாடி போனாங்க.

நான் அங்கேதான் நிக்கறேன். பெத்த மகன். வாயைத் திறக்கலை.

என் வீட்டுக்காரிதான் போனா. “வாங்கத்தை”ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தா. அம்மா கீழே உட்கார்ந்து, பேத்தி ரெண்டு காலிலும் மஞ்சள் பூசினாங்க. கன்னத்தைத் தொடலை. மக குனிஞ்சு அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வெச்சுக்கிட்டா. தம்பி இந்தப் பக்கம் பாருங்கன்னு சொல்லலை, இன்னொரு தடவைன்னும் சொல்லலை. படம் மட்டும் எடுத்தார். சொந்தத்தில் ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க. ஒருத்தங்க சாப்பிடாமக் கிளம்பிட்டாங்க.

வருசா வருசம் எங்க தோட்டத்தில் விதை மஞ்சளைத் தரம் பிரிக்கிறது எங்கம்மா. முதல் கிழங்கை ஊன்றுறதும் அவங்க கைதான். அப்பா போன பிறகும் அது மாறலை, கைராசின்னு நாங்களே கூப்பிடுவோம். அந்தக் கை ஊன்றின மஞ்சள் விளையலாம், வீட்டுக்குச் சோறு போடலாம். அதே கை அரைச்ச மஞ்சளை ஏழு பேர் தொட்டு வைக்கலாம். ஆனா அந்தக் கை பேத்தி கன்னத்தில் படக் கூடாது. பன்னெண்டு வருசமா இது என் கண்ணு முன்னாடி நடந்திருக்கு. அண்ணன் மக கல்யாணத்தில் நடந்துச்சு, தங்கச்சி பொண்ணு சீரில் நடந்துச்சு. நான் யோசிச்சதே இல்லை. யோசிக்காத அந்தக் கேள்வியைக் கேட்டது, நான் மனசுக்குள்ளே திட்டிக்கிட்டிருந்த போட்டோக்காரத் தம்பி.

அதனால, பழைய நலுங்கு எல்லாம் நல்லது, புது ஹல்தி எல்லாம் கெட்டதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க. சொன்னாப் பொய்யாயிரும். பழசிலும் சிலரை ஓரமா நிக்க வெச்சோம். புதுசிலும் நிக்க வைக்கிறோம். அப்போ வழக்கம் சொல்லுச்சு, இப்போ கேமரா சொல்லுது. வீட்டுக்காரங்க நாம ரெண்டு காலத்திலும் சும்மா நின்னோம்.

இன்னும் ரெண்டு மூணு வருசத்தில் மகன் கல்யாணம் வரும். அவனுக்கும் போட்டோக்காரர் வருவார், காசும் கொடுப்பேன். ஆனா முந்தின நாளே உட்கார்ந்து பேசிருவேன். அரைச்ச மஞ்சள்தான், பொடி வேண்டாம். வயசானவங்களை ஒரு தடவைக்கு மேல குனியச் சொல்லக் கூடாது. பாட்டுப் பாடும்போது பெட்டி ஓடக் கூடாது, பாட்டை முழுசாப் பதியணும். முதல் நலுங்கு அவன் அப்பத்தா வைப்பாங்க. இதை மட்டும் போட்டோக்காரர்கிட்ட இல்லை, சொந்தக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லணும். அதுதான் கஷ்டமான வேலை, அதை நான்தான் செய்யணும்.

போன வாரம் பெரியத்தை வீட்டுக்குப் போய் போனில் பாட்டைப் பதிஞ்சுக்கிட்டு வந்தேன். நாலு பாட்டு முழுசாப் பாடினாங்க. அஞ்சாவது பாதியில் நின்னுபோச்சு, வரி ஞாபகம் வரலை. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருன்னாங்க. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன். மீதியை அம்மா பாடினாங்க. அவங்களுக்குப் பாட்டுத் தெரியும்னே இத்தனை வருசமா எனக்குத் தெரியாது.

உங்க வீட்டிலும் அடுத்து ஒரு ஹல்தியோ நலுங்கோ வரும். நல்லாப் படம் எடுங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி தூண் ஓரத்தில் யார் நிக்கறாங்கன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. கூப்பிட வேண்டியது நாமதான், கேமராக்காரர் வந்து கூப்பிடற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.