புட்டிக்குக் கீழே துரு

"கலைப்பீடத்தில படிக்கிற உங்களுக்கு கராஜில என்னடா வேலை?" எண்டு கேக்காத ஆள் இல்லை. நண்பனின் அப்பப்பாவுடைய மொறிஸ் மைனர் வளவுக்குள்ள மாமரத்துக்குக் கீழே கனகாலமாகக் கிடந்தது. மூன்று பேர் சேர்ந்து திருத்த இறங்கினோம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய கார்களுக்கும் விலை ஏறியிருந்தது. திருத்தி வித்தால் ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சும் எண்டதுதான் கணக்கு.

பழைய பெயின்ற்றைத் தேய்க்கத்தான் விசயம் தெரிஞ்சுது. கதவுக்குக் கீழே ஓடுகிற பகுதியில் காந்தம் ஒட்டவேயில்லை. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் விரல் மொத்தத்துக்குப் புட்டி. ஆரோ முன்னமே துருவை மூடி விட்டிருக்கினம். மொறிஸ் மைனருக்குத் தனிச் சேசி இல்லை. அந்தக் கீழ்ப்பகுதியும் சேர்ந்துதான் காரின் பாரத்தைத் தாங்குகிறது.

"நாங்களும் புட்டி வைச்சு, பிறைமர் அடிச்சு, வித்துவிடுவம். வாங்கிறவர் சுரண்டியா பார்க்கப்போறார்?" எண்டான் ஒருத்தன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கையில் காசு இல்லை.

ரிங்கர் வேலை செய்யிற ஐயாதான் மறிச்சார். "தம்பியவை, உதுக்குள்ள குடும்பம் ஏறப்போகுது" எண்டு மட்டும் சொன்னார். பிறகு துருப்பிடிச்ச பகுதியை வெட்டி எறிஞ்சு, புதுத் தகரம் வைச்சு வெல்டிங் செய்தார். எங்கட லாபமும் அதோட போச்சு.

பிறைமர் எல்லாத்தையும் மறைக்கும் எண்டு நினைச்சிருந்தேன். நடந்தது மறுவளம். சாம்பல் நிறம் காய்ந்ததும் ஒவ்வொரு நெளிவும் தெளிவாகத் தெரிஞ்சுது. அதுக்கு மேலே மெல்லிசாகக் கறுப்பைத் தூவி, கட்டையில் சுத்தின சாண்ட் பேப்பரால் தேய்க்க வேணும். கறுப்பு மிஞ்சுகிற இடம் பள்ளம். திரும்பப் புட்டி, திரும்பப் பிறைமர். 80ஆம் நம்பரில் தொடங்கி 400 வரைக்கும் வர எங்களுக்கு மூன்று வார இறுதிகள் எடுத்தது.

எங்கட தலைமுறைக்கு முதல் படமும் கடைசிப் படமும்தான் பிடிக்கும். நடுவில கிடக்கிற சாம்பல் நிறத்தை ஒருத்தரும் போடுறதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின கதையையும் பெருமையாக எழுதுகிறோம். அவற்றை ஓடவைத்த கைகளைப் பற்றி எத்தனை கட்டுரை வாசிச்சிருக்கிறோம்? அந்த ஐயா எந்தப் பீடத்திலயும் படிக்கேல்லை. ஆனால் அறம் எண்டு நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு வசனத்தில் முடிச்சுப்போட்டார். கைவேலையைப் படிக்காதவன்ர வேலை எண்டு நினைக்கிற பழக்கத்தைத்தான் நாங்கள் முதல்ல சுரண்டி எடுக்க வேணும்.

கார் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் நிற்குது. பிறைமர் ஈரத்தை உறிஞ்சும். அப்படியே விட்டால் கீழே திரும்பவும் துரு பிடிக்கும். மாரிக்கு முதல் பெயின்ற் அடிக்க வேணும். வாங்க வாறவர் விரும்பினால் காந்தத்தோட வரட்டும்.