கொத்து ரொட்டியும் கொஞ்சம் நம்பிக்கையும்

மாலை ஆறு மணிக்குப் பின்னர் மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றிருக்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு சென்றாலும், சாப்பாட்டுக் கடை எங்கே இருக்கிறது என்பதைக் காது சொல்லிவிடும். சூடேறிய இரும்புத் தட்டின் மேல் இரண்டு தகடுகள் மாறி மாறி விழும் ஓசை, கொத்து ரொட்டி தயாராகிறது என்பதற்கான பகிரங்க அறிவித்தல். எங்கள் வாவியில் மீன் பாடுகிறது என்று உலகம் பேசுகிறது. அந்தப் பாட்டைக் கேட்கும் பாக்கியம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் ஊரடங்கு இல்லாத நாளில், கொத்து ஓசை இல்லாத மாலையை நான் கண்டதில்லை.

கொத்து ரொட்டி கிழக்கிலேதான், அதுவும் மட்டக்களப்புப் பகுதியிலேதான் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. கோதுமை மா ரொட்டியைத் துண்டாக்கி, முட்டை, வெங்காயம், பச்சை மிளகாய், லீக்ஸ் சேர்த்து, இறைச்சி ஆணம் ஊற்றிக் கொத்தினால் வேலை முடிந்தது. அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றதில் முஸ்லிம் சமையற்காரர்களின் பங்கு பெரிது. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் தமிழ்க் கடைகளில் அது ‘நமது உணவு’ என்று விற்கப்படுகிறது. மகிழ்ச்சியே. அந்த ‘நமது’ என்ற சொல்லுக்குள் எத்தனை பேரின் கை இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

மெக்சிகோவின் கதையும் இப்படித்தான். அங்கே தெருவோரங்களில் விற்கப்படும் டாக்கோக்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்று, லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சமையல் முறையிலிருந்து உருவானது. நிமிர்ந்து நிற்கும் கம்பியில் இறைச்சியைச் சுட்டுச் சீவும் முறை வந்தவர்களுடையது. சோள ரொட்டி மண்ணின் மைந்தர்களுடையது. இரண்டும் சேர்ந்தபோது அது மெக்சிகோவின் உணவாயிற்று. மெக்சிகோ நகரில், மக்கள் நின்றபடியே உண்ணும் ஒரு சிறு டாக்கோ கடைக்கு 2024 ஆம் ஆண்டில் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. அங்கே அந்தக் கலப்பு பெருமைக்குரியதாயிற்று.

இங்கே நாம் என்ன செய்தோம்?

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகம் தாக்கப்பட்டது. உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, ‘மலட்டு மாத்திரை’ என்று கூச்சலிட்டார்கள். அருகிருந்த பள்ளிவாசலும் தப்பவில்லை. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது மாக்கட்டி என்று தெரியவந்தது. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சரியாகக் கரையாத மா, ஒரு சமூகத்தின் மீது குற்றப்பத்திரிகையாக வாசிக்கப்பட்டது! உண்மை வெளிவந்தபோது வதந்தி ஊரெல்லாம் சுற்றி முடித்திருந்தது.

‘அது சிங்கள நகரில் நடந்தது, நமக்கென்ன’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் குழந்தைகள் உட்படப் பலர் மாண்ட பின்னர், முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும்படி எழுந்த குரல்களில் தமிழ்க் குரல்களும் இருந்தன. கொன்றவர்கள் ஒரு சிலர். தண்டனையோ தட்டின் முன் வியர்வை சிந்தி நின்றவருக்கு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் சுடப்பட்டபோதும், அதே மாதம் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டபோதும் இரு பக்கத்திலும் இதே கணக்குத்தான் போடப்பட்டது. அந்தக் கணக்கு இன்றுவரை எவருக்கும் சரிவரவில்லை.

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று மணிமாலைபோல் மாறி மாறிக் கோக்கப்பட்ட ஊர்கள் நம்முடையவை. தாய்வழிக் குடிமுறையைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேரப் பேணும் மண் இது. பத்திரிகை வேலை முடிந்து பசியோடு போய் நின்ற இரவுகளில், “காக்கா, ஒரு கொத்து” என்பேன். “உறைப்புக் கூடப் போடவா தம்பி?” என்று கேட்பார். பக்கத்து வாங்கில் மீன் வியாபாரியும், முச்சக்கர வண்டி ஓட்டுநரும், கோயிலால் திரும்பியவரும் இருப்பார்கள். எவரும் நல்லிணக்கம் பற்றிப் பேசியதில்லை. தண்ணீர்க் குவளையை மட்டும் கைமாற்றிக் கொள்வார்கள்.

பிறர் கையால் உண்பதென்பது அவரிடம் நம் உயிரை ஒப்படைப்பதுதான். கொத்து வண்டிலில் அந்த ஒப்படைப்பு கண்முன்னே நடக்கிறது. அங்கே மறைப்பதற்குச் சுவர் இல்லை. சுத்தத்தில் ஐயம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். எந்தச் சமூகத்தவர் கடையென்றாலும் அது உங்கள் உரிமை. ஆனால் மாக்கட்டிக்கு மதம் பார்க்காதீர்கள். தொலைபேசியில் வரும் ‘எச்சரிக்கை’யை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன், அந்தக் கடைவரை ஒருமுறை நடந்து செல்லுங்கள்.

பசியோடு போனால் இன்னும் நல்லது.