கண்டிப்பதற்கு முன் கேட்போம்

விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரைச் சபையோர் அதட்டினர். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகில் அமர்த்தி, உம் தாய்க்கு, உம் மகளுக்கு இதை விரும்புவீரா என வினவி, அவர் வாயாலேயே விடையை வரவழைத்தார்கள்; பின்னர் அவருக்காகப் பிரார்த்தித்தார்கள். இது முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது.

பள்ளி மனநல ஆலோசகரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இந்த அணுகுமுறையையே. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பனந்தாள் போன்ற சிற்றூர்களிலும் இது நடைமுறையாக, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டும்.

ஆலோசகரிடம் அனுப்பினால் பிள்ளைக்குப் பைத்தியம் என ஊர் பேசும் என்ற அச்சத்தை விடுவோம். பிள்ளை அவரிடம் மனம் திறந்து சொல்வது அமானிதம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தாலன்றி, அதைத் துருவிக் கேட்பது நமக்குத் தகாது.

மார்க்கத்தைக் கற்பிக்கும் பொறுப்பு என்றும் நம் வீட்டிற்கும் மக்தபிற்கும் உரியதே. ஆனால், தவறிய பிள்ளை அஞ்சி ஒளிந்துகொண்டால், நாம் கற்பித்தது அதன் செவியைத் தாண்டாது. அதன் உள்ளத்தைத் திறக்க உதவுபவர் நமக்குப் போட்டியாளர் அல்லர், துணைவரே.