சிறு படகுகளும் கண்காணிப்புக் கருவியும்
மேல்சித்தாமூரில் சமண மடத்தின் அருகே வாழ்வோருக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவோர் உளராயின், எம் பக்கத்துச் செஞ்சி மலைகளையும் மரக்காணத்துக் கடற்கரையையும் விழுப்புரம் என்னும் ஒரே மாவட்டம் தன்னுள் அடக்கியிருப்பதையும், ஆகவே அக்கரையில் பைபர் படகு இறக்குவோரின் ஜீவனத்தைப் பற்றிப் பேசுவது எமக்கும் கடமையென்பதையும் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது, பல நாள் தங்கித் தொழில் செய்ய ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராத துயரத்தை நினைப்பவர் எவரும், இஸ்ரோ வகுத்தளித்த இருவழித் தொடர்புக் கருவியை வேண்டாமென்று சொல்லார். புயல் செய்தியும் எல்லை எச்சரிக்கையும் தந்து, ஆபத்தில் அபயக்குரலைக் கரைக்குச் சேர்க்கும் அக்கருவியை 1 லட்சம் படகுகளில் 364 கோடி ரூபாய்ச் செலவில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது நற்காரியமே.

ஆயினும், விடியுமுன் புறப்பட்டு அன்றே கரைசேரும், அறையோ கூரையோ இல்லாத, உப்புநீர் ஓயாது தெறிக்கும் சிறு படகுக்கும் பெரும் படகுகளுக்குப் போலவே அக்கருவியைக் கட்டாயமாக்கி, கருவி பழுதான நாளில் தொழிலுக்குப் போனவன்மீது அபராதம் சுமத்துவது தர்மமாகாது. மேலும், எந்தக் கடலடிப் பாரில் எந்தப் பருவத்தில் மீன் கூடும் என்னும் ஞானம் தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் சொத்து. படகு நின்ற இடமெல்லாம் பதிவாகுமானால், அப்பதிவை யார் பார்க்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதை விதியிலேயே எழுதியாக வேண்டும்.

சிறு படகு, பெரும் படகு என்று பேதம் பாராட்டுவது சட்டத்துக்குப் புதிதன்று. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுத்துப் பாரம்பரியத் தொழிலாளரைக் காத்தது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 2025 நவம்பரில் வந்த மத்திய அரசின் பிரத்யேகப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகளும் சிறு மீனவருக்கு அனுமதிச் சீட்டிலிருந்து விலக்களித்தன. எல்லாப் படகுகளையும் கண்காணிக்கத் துணிந்த ஐரோப்பிய ஒன்றியமே, 9 மீட்டருக்குக் குறைந்த சில படகுகளுக்கு 2029 இறுதிவரை விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது.

ஆதலால், தங்கித் தொழில் செய்யும் விசைப்படகுகளுக்குக் கட்டாயம் நீடிக்கட்டும். 12 கடல் மைலுக்குள் சென்று அன்றே திரும்பும் பைபர் படகுகளுக்குக் கருவியை இலவசமாகக் கொடுத்து, ஏற்பதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டு, மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை அதனோடு பிணைக்காமல், பழுது பார்ப்பவரை மீன்வளத்துறை முதலில் மரக்காணத்துக்கு அனுப்பட்டும்.