உப்பு மண் உரைக்கும் பாடம்

சில வாரங்களுக்கு முன்னர், புத்தளக் கரையோரத்து விவசாயி ஒருவர் காணி வழக்கொன்றின் பொருட்டு எம்மிடம் வந்தார். பேச வேண்டியதைப் பேசி முடித்த பின்னும் அவர் எழுந்தாரில்லை. "ஐயா, இன்னுமொன்று கேட்கவேணும்" என்றார். அவருடைய மகளின் தலைப்பிள்ளை முதுகில் திறந்த புண்ணோடு பிறந்ததாம், கால்களில் அசைவில்லையாம். கிரகண நாளிலே மகள் வெளியில் வந்ததுதான் காரணம் என்று கணவன் வீட்டார் பழிசுமத்தி, அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டனராம். "இதற்குச் சட்டத்திலே என்ன வழி?" என்பதே அவருடைய கேள்வி.

சட்டம் இதற்குச் சொல்லக்கூடியது சிறிது; அறிவியல் சொல்லக்கூடியதோ பெரிது. அதனை அந்த ஒருவருக்கு மட்டும் சொல்லி அனுப்புவது போதாது என்று கண்டே இவ்வாரம் இதனை எழுத முற்பட்டோம்.

கரு உருவாகிய நாலு கிழமைக்குள், ஏறத்தாழ 28ஆம் நாளளவில், தட்டையாய் இருந்த ஒரு படலம் சுருண்டு குழாயாகி மூடிக்கொள்கிறது. அதன் தலைப்பக்கம் மூளையாகிறது. எஞ்சிய பகுதி முண்ணாணாகிறது. மேற்புறம் மூடாவிடின் மூளையும் மண்டையோடும் வளர்வதில்லை, அப்பிள்ளை பிழைப்பதில்லை. கீழ்ப்புறம் மூடாவிடின் முள்ளந்தண்டு பிளந்து நிற்கும். பிள்ளை பிழைத்தாலும் கால்கள் செயலிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை, தலையில் நீர் தேங்குதல் ஆகியவை ஆயுள் முழுதும் தொடரலாம். இது கிரகணத்தின் வேலையன்று, முன்வினையின் பயனுமன்று. பரம்பரைக் கூறும், தாயின் கட்டுப்படாத நீரிழிவும், வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும் இதிற் பங்குகொள்வன. எனினும், நம் கையால் எளிதில் திருத்தக்க காரணம் ஒன்றுண்டு. அதுவே போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தின் குறைபாடு.

இச்சத்தின் வரலாறு நமக்கு அயலானதன்று. 1931ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், பம்பாய் நெசவாலைகளிலே உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தபோதே இதன் தடத்தைக் கண்டார். அறுபது ஆண்டு கழிந்து, 1991ஆம் ஆண்டில், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை ஏழு நாடுகளில் நடத்திய சோதனை ஐயத்தை அறுத்தது. முன்னர் இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய்மார், கருவுறுமுன்னரே போலிக் அமிலம் உட்கொண்டபோது, அக்குறை மீண்டும் நிகழ்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது.

"கருவுறுமுன்னர்" என்னும் சொல்லை வாசகர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். நாள் தள்ளிப்போனது கண்டு, ஐயங்கொண்டு, கிளினிக்குக்குப் போய்ப் பெயர் பதியும் வேளையில் அந்தக் குழாய் மூடியோ மூடாமலோ தன் கதையை முடித்துவிட்டிருக்கும். வெள்ளம் வடிந்த பின் அணை கட்டிப் பயனென்ன? ஆகவே, பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் ஒவ்வொரு பெண்ணும், கருவுறுதற்கு ஒரு மாதம் முன்பிருந்தேனும் தொடங்கி, முதற் பன்னிரண்டு கிழமை முடியும்வரை, நாளொன்றுக்கு 400 மைக்குரோகிராமுக்குக் குறையாமல் இம்மருந்தை உட்கொள்ளல் வேண்டும். முன்னர் இக்குறையுள்ள பிள்ளையைப் பெற்றவர்க்கு இதனினும் பன்மடங்கு அளவு தேவை. அதனை வைத்தியரே விதிக்க வேண்டும். கீரையும் பயறும் கௌபியும் நல்லனவே. ஆயினும் வேகவைக்கையில் இச்சத்தின் பெரும்பகுதி அழிந்துபோவதால், அவற்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

கருவில் மூளையே வளரவில்லை என்று கண்டறிந்த பின்னும், தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவை நீக்க நமது தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு இடந்தரவில்லை. அதன் நியாய அநியாயம் வேறு விவாதம். அப்பாரத்தைத் தாயொருத்தியின் மேல் சுமத்தும் அரசுக்கு, அது நேராமற் காக்கும் கடமை இரட்டிப்பாகிறது என்பதே எமது வாதம்.

அரசு செய்யவேண்டியது யாது? விடை புத்தளத்து உப்பளங்களிலேயே கிடக்கிறது. அயடீன் குறைவாற் கழுத்திற் கழலையும், பிறக்கும் பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவும் நேர்வது கண்டு, 1995ஆம் ஆண்டு தொடக்கம் மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் கலத்தல் சட்டக் கடமையாக்கப்பட்டது. எவரும் மாத்திரை விழுங்கவில்லை. எவரும் வைத்தியசாலை வாசலில் காத்திருக்கவில்லை. கறிச்சட்டி வழியே காப்பு வீடு புகுந்தது. உப்பிற் செய்ததை மாவிற் செய்யலாகாதா? 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவும் கனடாவும், 2000ஆம் ஆண்டிற் சிலியும் மாவிற் போலிக் அமிலம் கலப்பதைக் கட்டாயமாக்கின; அந்நாடுகளில் இக்குறை தெளிவாகக் குறைந்தது. உலக சுகாதார மன்றமும் 2023ஆம் ஆண்டில் இவ்வழியையே உறுப்பு நாடுகளுக்குத் தீர்மானமாக எடுத்துரைத்தது. நமது நாட்டின் பெரிய மாவாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். புதுச்சட்டமும் வேண்டியதில்லை, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் ஓர் ஒழுங்குவிதி போதும். அதனை ஆக்கும்படி கேட்பது நமது பிரதிநிதிகளின் கடன். அவர்களைக் கேட்கச் செய்வது நமது கடன்.

அதுவரை நாம் கைகட்டி இருக்கலாமா? உடப்பு முதற் கற்பிட்டி வரை, இந்துவாயினும் கத்தோலிக்கராயினும் முஸ்லிமாயினும், தமிழ் பேசும் மக்களின் இல்லந்தோறும் திருமணப் பேச்சு எழும்போதே இப்பேச்சும் எழட்டும். விவாகப் பதிவாளரும், குருக்களும், பங்குத்தந்தையும், மௌலவியும் மணமக்களுக்கு இதனை ஒரு வார்த்தை சொல்லட்டும். குடும்பநல மாதைக் கண்டு புதுமணப் பெண்கள் மாத்திரையைக் கேட்டுப் பெறட்டும். அங்கே தரப்படும் துண்டும் விளக்கமும் தமிழில் இல்லையேல், தமிழிற் கேளுங்கள். வடக்குக் கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலகத்தோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு அளித்துள்ளது. விளங்காத மொழியிற் சொன்ன அறிவுரை சொல்லாத அறிவுரையே.

அந்த விவசாயிக்கு நாம் சொன்ன விடை இதுவே: "உங்கள் மகள் குற்றவாளியல்லள். மருமகனையும் அவளையும் ஒருங்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறந்த பிள்ளைக்கும் சிகிச்சையுண்டு. அடுத்த பிள்ளைக்குக் காப்பும் உண்டு." அவர் எழுந்து போனார். மறுகிழமை மருமகனோடு திரும்பி வந்தார். அவர்கள் கேட்டது வழக்கன்று, வைத்தியசாலைக்கு வழி.